பேசின்ல கால் வெச்சுத் தூங்கினவ

மார்ட்சியா தலை துவட்டத் துண்டு எடுக்கத்தான் போனா. குளியலறைக் கதவு லேசா திறந்திருந்துச்சு. உள்ள அவ அம்மா லொரெதானா, குழாயைத் திறந்து விட்டுட்டு, அந்தத் தண்ணிச் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு யார்கிட்டயோ ஃபோன் பேசிட்டிருந்தா.

"திங்கக்கிழமை மூணு மணிக்கு மேலன்னா சரி. வீட்ல நான் மட்டும்தான் இருப்பேன்... இல்லைங்க, அவர் கடையில இருப்பார். அவருக்குத் தெரியவே கூடாது. மணி அடிச்ச உடனே எடுத்துடுவேன்."

மார்ட்சியா கதவோரமா ஒட்டிக்கிட்டுக் காதைத் தீட்டினா. அம்மாவுக்குக் குசுகுசுன்னு பேசவே வராது. தூரின் நகரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல லத்தீன் டீச்சர் அவ. ரெண்டாவது மாடியில ஒரு பையனைத் திட்டினா, கீழ முற்றத்துல சைக்கிள் பூட்டுறவன் நிமிர்ந்து நிப்பான். அதே பள்ளிக்கூடத்துலதான் மார்ட்சியாவும் படிக்கிறா, பதினாறு வயசு, அந்தப் பாவத்தை தினம் சுமக்கிறா. அப்பேர்ப்பட்ட அம்மா ரகசியம் பேசுறான்னா விஷயம் சின்னதா இருக்காது.

அதுக்கப்புறம்தான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. காலையில ரெண்டு பேரும் மேல வளைவு வளைவா கூரை போட்ட நடைபாதையிலதான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவாங்க. வழியில படம், பூச்சாடின்னு பழைய சாமானெல்லாம் ஏலம் விடுற ஒரு ஏலக்கடை. அந்த வாரம் முழுக்க, ஏலக்கடை வர்றதுக்கு முன்னாடியே அம்மா சடார்னு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிட்டா. டிராம் வருதான்னு கூடப் பார்க்கல.

சாயங்காலம் மார்ட்சியா தனியா வந்து கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தா. உள்ள சுவர் பூரா படங்க. யார் வேணா போய்ப் பார்க்கலாம், காசு கிடையாது. போனா. மூணாவது சுவர்ல அம்மா தொங்கிட்டிருந்தா.

சத்தியமா அம்மாதான். வயசு மட்டும் குறைச்சல். ஒரு சமையலறை நாற்காலியில உள்பாவாடையோட சாஞ்சு உக்காந்து தூங்குறா. தலை பின்னாடி தொங்குது, வாய் ஆ-ன்னு திறந்திருக்கு, ஒரு ஈ நிம்மதியா உள்ள போயிட்டு வரலாம். ரெண்டு காலும் ஒரு நீல பிளாஸ்டிக் பேசின் தண்ணிக்குள்ள. மேசை மேல பாதி வெட்டின தர்பூசணி. வெயில் எப்படி இருந்துச்சுன்னு கேக்கவே வேண்டாம், அந்தச் சுவரைப் பார்த்தாலே முதுகு வேர்க்கும். வரைஞ்சவனுக்கு அந்தக் கழுத்து மேல கொள்ளை ஆசை இருந்திருக்கணும். கழுத்துல வேர்வை வழியிற கோட்டைக் கூட விடாம, அவசரமே படாம, தடவித் தடவி வரைஞ்சிருந்தான்.

கீழ சின்ன அட்டை. துல்லியோ போஸியோ. 'ஆகஸ்ட், சமையலறை'. 1998.

அந்தப் பேரு மார்ட்சியாவுக்குத் தெரியும். போன குளிர்காலத்துல ரேடியோவுல சொன்னாங்க, ஓவியர் துல்லியோ போஸியோ காலமானார்னு. அந்த வாரம் பூரா அம்மாவோட மூக்கு செவந்திருந்துச்சு. ஜலதோஷம்னா. இருமவே இல்ல.

"பிடிச்சிருக்கா?"ன்னு ஏலக்கடைப் பொண்ணு ஒருத்தி பக்கத்துல வந்து நின்னா. ஃபோன்ல ஏலம் கேக்குறவங்களைக் கவனிக்கிறவளாம், பேரு ஸெலெனே. "நிறைய பேருக்குப் பிடிச்சிருக்கு. ஒரு அம்மா ஃபோன்ல கேக்கப் பேரு குடுத்திருக்காங்க. திங்கக்கிழமை நாங்களே கூப்பிடுவோம். எவ்ளோ ஆனாலும் விடமாட்டேங்கிறாங்க."

யாருன்னு மார்ட்சியா கேக்கல. கேக்க வேண்டியதே இல்ல.

அன்னைக்கிலிருந்து தூக்கம் போச்சு. அம்மா அந்த ஆளைத்தான் காதலிச்சிருக்கா. இன்னமும் காதலிக்கிறா. அப்பா எட்ஸியோ பாவம், மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார், ஊருக்கெல்லாம் கண்ணு பார்த்துக் கண்ணாடி மாட்டி விடுறவருக்குத் தன் வீட்டுக்குள்ள நடக்குறது தெரியல. தெரிஞ்சா என்ன ஆகும்? கூடப் படிக்கிற க்ரெதா கதைதான். அப்பா அம்மா பிரிஞ்சதுலேர்ந்து க்ரெதாவுக்கு ரெண்டு வீடு, ரெண்டு பல் பிரஷ், புதன்கிழமை ஆனா ஒரு பையைத் தூக்கிட்டு டிராம் ஏறுவா. பல சமயம் கணக்குப் புஸ்தகம் எந்த வீட்ல இருக்குன்னே தெரியாது. மார்ட்சியா ராத்திரியில தன் பிரஷ்ஷைப் பார்க்கிறப்பக்கூட, இதுக்கு ஜோடி வாங்கணுமோன்னுதான் தோணுச்சு.

திங்கக்கிழமை. "க்ரெதா வீட்டுக்குப் படிக்கப் போறேன்"னா மார்ட்சியா. "கடைக்குப் போறேன்"னார் அப்பா. "எனக்குப் பேப்பர் திருத்தணும், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க"ன்னா அம்மா, தலை முழுக்க டை பூசிட்டு, மேல ஒரு பிளாஸ்டிக் தொப்பியும் போட்டுக்கிட்டு. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ரொம்பப் பாசமா பார்த்துச் சிரிச்சுட்டுப் பிரிஞ்சாங்க.

ஏலக்கூடத்துல கடைசி வரிசை, தூணுக்குப் பின்னாடி மார்ட்சியா. அறுபது எழுபது பேர் இருப்பாங்க. பாதிப் பேர் வாங்க வந்தவங்க, மீதிப் பேர் ஹீட்டர் போட்டிருக்காங்கன்னு வந்தவங்க. ஏலம் விடுறவர் நாப்போலிக்காரர், வாயைவிடக் கையால அதிகம் பேசுற ஊரு, பேரு கஃபியேரோ. குட்டையா, வில்லு டை கட்டிக்கிட்டு, சுத்தியலைப் பிடிக்காத கையால படத்தைப் பத்தி ஒண்ணு சொல்வார், வாயால ஒண்ணு சொல்வார்.

"இந்தப் பூச்சாடிக்கு ஐநூறு யூரோ. ஐநூறா? அம்மா, நீங்க காதைச் சொறிஞ்சீங்க, தெரியும், பயப்படாதீங்க, நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

ஓரமா நீள மேசை. அங்க ஸெலெனே ஃபோனை எடுத்து நம்பர் அழுத்தினா. வீட்ல, டை பூசின தலையோட, அம்மா ஃபோனைப் பாய்ஞ்சு எடுக்குறது மார்ட்சியாவுக்குக் கண்ணு முன்னாடி தெரிஞ்சுது.

அப்போ கதவு திறந்துச்சு. அப்பா உள்ள வந்தார்.

மார்ட்சியா தூணோட தூணா ஒட்டிக்கிட்டா. முடிஞ்சுது. அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சு. கையும் களவுமா பிடிக்க வந்திருக்கார். நேரா முன்னாடி போய் ரெண்டாவது வரிசையில உக்காந்தார். முகத்தைச் சுளிச்சுட்டு மேடையையே முறைச்சார். கோவம்னு நினைச்சா மார்ட்சியா. அப்புறம்தான் கவனிச்சா, கண்ணாடி போட்டுக்கல. எப்பவும் இதே கூத்துதான், கடையில நூறு கண்ணாடி இருக்கும், அவர் மூக்கு மேல ஒண்ணு இருக்காது.

"அடுத்தது, துல்லியோ போஸியோ!" கஃபியேரோ குரலை இறக்கினார். "ஆகஸ்ட், சமையலறை. நல்லாப் பாருங்க. இந்தப் பொண்ணைப் பார்த்தா எனக்குக் கொட்டாவி வருது, இதைவிட ஒரு படத்துக்கு என்ன பாராட்டு வேணும்? எண்ணூறுல ஆரம்பிக்கிறேன்."

மீசைக்காரர் ஒருத்தர் தன் நம்பர் அட்டையைத் தூக்கினார். ஸெலெனே விரலைத் தூக்கினா: "ஃபோன்ல, ஆயிரம்." மீசைக்காரர் மறுபடியும். ஃபோன் மறுபடியும். அப்புறம் ரெண்டாவது வரிசையில ஒரு அட்டை மேல போச்சு. நம்பர் எழுபத்திரெண்டு. அப்பாவோட கை.

மார்ட்சியாவுக்குப் புரியவே இல்ல. அப்பா வாங்குறாரா? எதுக்கு? கிழிக்கவா? எரிக்கவா?

மீசைக்காரர் தலையை ஆட்டிட்டு அட்டையை மடியில வெச்சுக்கிட்டார். இப்போ ரெண்டே பேர். அப்பா, ஃபோன். ஃபோன், அப்பா. ஆயிரத்து ஐநூறு, ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐநூறு, மூவாயிரத்து இருநூறு. ஸெலெனே ஃபோனைக் காதுலேர்ந்து ஒரு சாண் தள்ளிப் பிடிச்சிருந்தா, உள்ளேர்ந்து வர்ற குரல் அப்படி. கடைசி வரிசைக்கே கேட்டுச்சு: "யாரு அது? யாரு அந்த மனுஷன்? ஏத்துங்க மேல! ஏத்துங்க!"

ரெண்டு பேருக்கும் ஒரே பேங்க் கணக்கு. மார்ட்சியாவுக்கு அந்த நினைப்பு வந்ததும், காதல், துரோகம், பல் பிரஷ் எல்லாம் ஒரு நிமிஷம் பின்னாடி போச்சு. இப்படியே போனா கோடையில கடலுக்கும் போக முடியாது, வீட்டைச் சூடாக்குற கொதிகலன் ரிப்பேரும் ஆகாது, வீட்டையே வித்துட்டு இந்தப் படத்துக்குள்ள இருக்குற சமையலறையிலதான் குடியிருக்கணும்.

நிறுத்தணும். ஆனா எப்படி? கத்தினா அம்மா ரகசியம் அம்பலம். கத்தலைன்னா காசு போச்சு. ஃபோன்ல இருக்குறது அம்மான்னு அப்பாவுக்கு மட்டும் தெரியிற மாதிரி சொல்லணும், அதுவும் அவரா முடிவு பண்ணி, பேசாம, கௌரவமா எழுந்து போற மாதிரி.

தூணை விட்டு வெளிய வந்தா. பக்கச் சுவரோரமா முன்னாடி நகர்ந்து, அப்பா பார்க்கிற தூரத்துல நின்னு, கையைக் காட்டினா. அப்பா திரும்பினார். கண்ணைச் சுருக்கினார். அடையாளம் தெரிஞ்சதும் முகம் வெளிறிப் போச்சு. அஞ்சு விரலையும் குவிச்சு மேலயும் கீழயும் ஆட்டினார். நீ எங்கடி இங்க?

மார்ட்சியா ரெண்டு உள்ளங்கையையும் நீட்டினா. நிறுத்து.

அப்பா தோளைக் குலுக்கினார். என்ன?

கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரிச்சுக் காதுல வெச்சா. ஃபோன். ஸெலெனே பக்கம் காட்டினா. அப்புறம் மோதிர விரல்ல ஒரு வளையம் போட்டுக் காட்டி, அப்பாவையே சுட்டினா. உங்க பொண்டாட்டி.

அப்பா இன்னும் கண்ணைச் சுருக்கினார். கண்ணாடி இல்லாத மனுஷனுக்கு மோதிரமும் தெரியல, மண்ணாங்கட்டியும் தெரியல. கையை விரிச்சார். பெருசா பண்ணுன்னு அர்த்தம்.

மார்ட்சியா பெருசா பண்ணினா. முழங்கை வரைக்கும் வளையம் போட்டா. அம்மா மாதிரியே இடுப்புல கை வெச்சு, கற்பனைக் கண்ணாடிக்கு மேல முறைச்சு, ஆள்காட்டி விரலால கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தனைத் திட்டிக் காட்டினா. காதுல ஃபோன். தலையில பிளாஸ்டிக் தொப்பி. வாயைத் திறந்து, கழுத்தைத் தொங்கப் போட்டு, படத்தைக் காட்டினா.

கூடமே அமைதியாயிடுச்சு. மார்ட்சியா மெதுவா சுத்திப் பார்த்தா. எழுபது பேரும் படத்தைப் பார்க்கல, அவளைத்தான் பார்த்துட்டிருந்தாங்க. ரகசியமாப் பேசினதா நினைச்சா. ஆனா இத்தாலியில கையால பேசுறது, மைக்குல பேசுற மாதிரி.

கஃபியேரோ சுத்தியலைக் கீழ வெச்சுட்டார்.

"பாப்பா, நான் முதல்ல நீ ஏலம் கேக்குறியோன்னு பார்த்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நீ ஏலம் கேக்கல, பேசுறே. எங்க ஊர்ல அந்த வித்தியாசம் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்." அப்பா பக்கம் திரும்பினார். "எழுபத்திரெண்டு நம்பர் ஐயா, உங்க பொண்ணு சொல்றதை நான் சத்தமா சொல்லட்டுமா? இந்தக் கூடத்துல எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு, உங்களைத் தவிர."

"சொல்லுங்க"ன்னார் அப்பா.

"ஃபோன்ல உங்களோட மோதுறது உங்க மனைவியாம். படத்துல தூங்குறதும் அவங்கதானாம். தலையில தொப்பி எதுக்குன்னு மட்டும் எனக்குப் புரியல."

"முடிக்கு டை அடிச்சிருக்காங்க"ன்னா மூணாவது வரிசை அம்மா ஒருத்தி, ஒரு சந்தேகமும் இல்லாம.

கூடம் வெடிச்சுச் சிரிச்சுது. மார்ட்சியா சிரிக்கல. அவ அப்பா முகத்தையே பார்த்துட்டிருந்தா. அப்பா எழுந்தார். நேரா மேசைக்குப் போனார். ஸெலெனே பயந்து போய் ஃபோனை நீட்டிட்டா.

"லொரே?"

ஃபோனுக்குள்ளேர்ந்து வந்த குரல் எல்லாருக்கும் கேட்டுச்சு:

"எட்ஸியோ? நீ கடையில இல்ல?"

"நீ பேப்பர் திருத்தல?"

"நீயா? இவ்ளோ நேரம் அந்தப் பைத்தியக்காரன் நீயா?"

"என்னைப் பைத்தியக்காரன்னு சொல்றதுக்கு முன்னாடி, நீ எவ்ளோ வரைக்கும் வந்திருக்கேன்னு பாரு!"

"நீ தூக்கின, நான் தூக்கினேன்!"

கஃபியேரோ ரெண்டு கையையும் கூப்பினார். "ஐயா, அம்மா, எனக்கு இன்னும் நிறைய படம் பாக்கி இருக்கு. இப்போ நிலவரம் இதுதான். ஐயா கேட்டது மூவாயிரத்து இருநூறு. யாரும் மேல போகலைன்னா படம் ஐயாவுக்கு. அம்மா மேல போறாங்களா?"

"போகாம?"ன்னா அம்மா.

"லொரே! எதுக்கு? நான் வாங்கினாலும் நம்ம வீட்டுக்குத்தானே வரும்!"

"என் படம். நான்தான் வாங்குவேன். மூவாயிரத்து நானூறு."

அப்பா கஃபியேரோவைப் பார்த்தார். கஃபியேரோ அப்பாவைப் பார்த்தார். கல்யாணம் ஆன ரெண்டு ஆம்பளைங்களும் வாயைத் திறக்காமலே ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டாங்க. அப்பா அட்டையைக் கீழ வெச்சார். சுத்தியல் விழுந்துச்சு. கூடம் கை தட்டிச்சு. மீசைக்காரர் எழுந்து நின்னே தட்டினார்.

வெளிய நடைபாதையில ஒரு காபிக் கடை. அம்மா கால் மணி நேரத்துல வந்து சேர்ந்தா, ஈரத்தலையில துண்டு சுத்தி, மேல கோட்டு. அதுவரைக்கும் அப்பாவும் மார்ட்சியாவும் எதிரெதிரே உக்காந்து ஹாட் சாக்லேட்டைக் கலக்கிட்டே இருந்தாங்க, குடிக்கல. மார்ட்சியா வாயைத் திறக்கவே பயந்தா. இப்பதான் நிஜமான சண்டை. இதுக்கப்புறம் ரெண்டு வீடுதான்.

அம்மா உக்காரும்போதே ஆரம்பிச்சா. "அந்த வாயைப் பார்த்தியா எட்ஸியோ? அந்த வாயை? என் 3B வகுப்புப் பசங்க பார்த்தா நான் இந்த ஜென்மத்துல இனிமே வினைச்சொல் நடத்த முடியுமா? அதான் வாங்கி ஒளிச்சு வெக்கலாம்னு பார்த்தேன். நீ எதுக்கு வாங்க வந்தே?"

அப்பா பதில் சொல்றதுக்கு முன்னாடி மார்ட்சியாவுக்கு உள்ள தேங்கி நின்னது எல்லாம் வெளிய வந்துடுச்சு.

"பொய் சொல்றம்மா. அவர் செத்தப்ப நீ அழுதே. ஜலதோஷம்னு சொன்னே. நீ இன்னும் அவரைத்தான் லவ் பண்றே. அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு குளியலறையில ஒளிஞ்சு பேசினே. நான் கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு ரெண்டு பிரஷ் எல்லாம் வேண்டாம்."

பக்கத்து மேசையில கரண்டிச் சத்தம் நின்னுச்சு. அம்மாவோட கை, எப்பவும் காத்துல சுத்திட்டே இருக்குற கை, மேசை மேல வந்து படுத்துக்கிச்சு.

"எந்த பிரஷ்?"ன்னார் அப்பா.

"பல் பிரஷ்!"ன்னு அழுதுட்டா மார்ட்சியா.

அம்மா எழுந்து வந்து அவ பக்கத்துல இடிச்சுக்கிட்டு உக்காந்தா. டை வாசனை குப்புன்னு அடிச்சுது. "துல்லியோவையா? ஒரு கோடைக்காலம் பழகினோம். அழகாத்தான் இருந்தான். ஆனா கடன் வாங்கினா திருப்பித் தரமாட்டான், பாத்திரம் கழுவமாட்டான். அழுதேன், ஆமா. என் இருபத்தி நாலு வயசு அவன்கிட்டதான் இருந்துச்சு, வேற யாரும் வரைஞ்சு வெக்கல. அவன் போனதும் அது யார் கைக்குப் போகுமோன்னு இருந்துச்சு. அந்தப் படம் வேணும்னு எட்ஸியோகிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவானோன்னு சொல்லல. அவ்ளோதான்."

"எனக்கு எதுக்குக் கஷ்டம்?" அப்பா குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "அது யார் வீட்டுச் சமையலறைன்னு மறந்துட்டியா லொரே? துல்லியோவும் நானும் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீடு அது. அந்த பேசின் என் சட்டை துவைக்கிற பேசின். நான் வேலை முடிஞ்சு வர்றேன், செத்த களைப்பு, உள்ள யாருன்னே தெரியாத ஒருத்தி என் பேசின்ல காலை வெச்சுட்டுக் குறட்டை விடுறா. அவன் மூலையில உக்காந்து வரையிறான், 'சத்தம் போடாதே'ங்கிறான். நான் செருப்பைக் கழட்டி கையில வெச்சுக்கிட்டு நின்னேன். எவ்ளோ நேரம்னு தெரியல. அப்புறம் உனக்குத் தெரியாம அவன்கிட்ட எத்தனையோ தடவை கேட்டேன், படத்தை எனக்கு வித்துடுடான்னு. மாட்டேன்னுட்டான், கடைசி வரைக்கும்."

அம்மா வாயைத் திறந்தா. படத்துல இருக்குற அதே வாய்.

"நான் குறட்டை விடல"ன்னா கடைசியில.

"விட்டே."

"விடவே இல்ல!"

"பேசின்ல தண்ணி அலையடிச்சுது, லொரே!"

அதோட ஆரம்பிச்சுது. கை நாலும் காத்துல. யார் விலையை ஏத்தினது, யார் முதல்ல பொய் சொன்னது, இந்த வருஷம் கடலுக்கு எப்படிப் போறது, படத்தை எங்க மாட்டுறது. வெயிட்டர் கவலையோட எட்டிப் பார்த்துட்டு, மார்ட்சியாகிட்ட குனிஞ்சு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு?"ன்னு கேட்டார். மார்ட்சியா மூக்கைத் துடைச்சுக்கிட்டு, அப்பா கலக்கிக் கலக்கி விட்டிருந்த சாக்லேட்டையும் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. "ரொம்ப சரியா இருக்கு"ன்னா.

படத்தை அன்னைக்கே எடுத்துட்டுப் போயிடணும்னு அம்மா பிடிவாதம், எவனாவது ஃபோட்டோ எடுத்துடுவானாம். ஏலக்கடைக்காரங்க கொப்புளம் கொப்புளமா இருக்குற பிளாஸ்டிக்கைச் சுத்திக் குடுத்தாங்க. அதுக்குள்ளயும் வாய் நல்லாவே தெரிஞ்சுது. மூணு பேருமா தூக்கி டிராம்ல ஏத்தினாங்க. அப்பா ஒரு முனை, மார்ட்சியா ஒரு முனை, நடுவுல அம்மா ராணி மாதிரி.

ரெண்டாவது நிறுத்தத்துல ஒரு பையன் ஏறினான். காதுல பாட்டு, தோள்ல பை. 3B. மார்ட்சியாவுக்குத் தெரியும், பெரெனோ, வகுப்புலயே வாய் நீளம். அவன் படத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். காதுலேர்ந்து பாட்டைக் கழட்டினான்.

"டீச்சர்... இது நீங்களா?"

அம்மா தலையில இருந்த துண்டைச் சரி பண்ணிட்டு, நிமிர்ந்து உக்காந்து, ரெண்டாவது மாடிக் குரல்ல, டிராம் முழுக்கக் கேக்கிற மாதிரி சொன்னா:

"ஆமாடா. உன் பரீட்சைப் பேப்பரைத் திருத்துறப்ப நான் இப்படித்தான் இருப்பேன்."

டிராம் ஓட்டுறவர் சிரிச்ச சிரிப்புல மணி தானா அடிச்சுது. பெரெனோ பையைக் கீழ வெச்சுட்டு, "நகருங்க சார், இந்த முனையை நான் பிடிக்கிறேன்"னு அப்பா பக்கம் வந்தான். மார்ட்சியா தன் முனையை அம்மா தோள்ல சாய்ச்சு வெச்சுட்டு, அவ பக்கத்துலயே இடிச்சுக்கிட்டு உக்காந்தா.